பிட் ஸ்டாப்: குழியா, பேட்டையா?

கார் பந்தயத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுவது ‘பிட் ஸ்டாப்’ என்ற சொல்லில்தான். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவோ எரிபொருள் ஊற்றவோ கார் நிற்பதற்குத்தான் அந்தப் பெயர். ‘பிட்’ என்றால் குழி. லத்தீனில் கிணற்றைக் குறித்த ‘புத்தேயுஸ்’தான் இதன் மூலம். 1908-இல் பிரான்சின் டியெப்பில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில், டயரும் கருவிகளுமாகப் பணியாளர்கள் நிற்பதற்குப் பார்வையாளர் மேடைக்கு முன்னால் பள்ளம் வெட்டினார்கள். பள்ளம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அதற்காகக் ‘குழி நிறுத்தம்’ என்று எழுதினால், மழைக்காலச் சாலையில் வண்டி மாட்டிக்கொண்டது போல இருக்கிறது!

ஃபார்முலா ஒன்றில் டயர் மாற்ற இரண்டு மூன்று நொடி போதும். அமெரிக்க மண்தடங்களில் ஓடும் ஸ்பிரிண்ட் காரில் கதையே வேறு. கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. நின்றுவிட்டால் இன்னொரு வண்டி பின்னாலிருந்து தள்ளித்தான் கிளப்ப வேண்டும். குடிப்பதோ மெத்தனால், ஒரு லிட்டருக்குப் பெட்ரோலில் ஏறக்குறைய பாதி ஆற்றல்தான்.

அயோவா மாநிலத்து நாக்ஸ்வில்லில் அரை மைல் தடம். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் ஸ்பிரிண்ட் கார் பெரும்பந்தயமான ‘நாக்ஸ்வில் நேஷனல்ஸ்’ இறுதிப் போட்டி 50 சுற்று. கூட்டினால் வெறும் 40 கிலோமீட்டர், அதற்கே நடுவில் எரிபொருள் ஊற்ற வேண்டியிருக்கிறது. தனியாக ஒதுங்குகிற கார் அதோடு தொலைந்தது என்பதால் பந்தயத்தையே நிறுத்திவிடுகிறார்கள். கேனும் கையுமாகக் குழுவினர் ஓடிவருவார்கள். ஒருவர் ஊற்ற, ஒருவர் சேற்றைச் சுரண்ட, இன்னொருவர் ஓட்டுநரின் தலைக்கவசக் கண்ணாடிக்குப் புதுப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவார். தொட்டி வால்பக்கம் இருப்பதால், நிரப்பியதும் மாட்டுவண்டிக்காரர் சொல்லும் பின்பாரம் கூடிவிடும். கார் வளைகிற விதமே மாறும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘இடைநிறுத்தம்’ என்றால் யாரையோ வேலையிலிருந்து விலக்கி வைத்தது போலத் தோன்றும். எனக்குப் பிடித்தது வண்டிப்பேட்டை. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, அச்சுக்கு மசகு போட்டு, அப்புறம் கிளம்புகிற இடம். பிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? இலங்கையில் பஸ் நிற்குமிடத்தைத் ‘தரிப்பிடம்’ என்பார்கள். தரித்தல் என்றால் நின்று தங்குதல். நொடிக்கணக்கில் பறக்கிற ஃபார்முலா ஒன்றுக்குப் ‘பேட்டை நிறுத்தம்’ என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் நின்று நிரப்பிக்கொண்டு கிளம்புகிற நாக்ஸ்வில்லுக்குப் ‘பேட்டைத் தரிப்பு’.