ஏறும்போது கழற்றுங்கள், நின்றதும் போடுங்கள்

உத்தரகாண்ட் இமயமலையில் இருக்கும் கேதார்காந்தா உச்சியில் விடிவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் இருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்குக் கூடாரத்தை விட்டுக் கிளம்பி, ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் பனியை மிதித்து ஏறி, 12,500 அடிக்கு வந்து சேர்ந்திருப்போம். சூரியன் இன்னும் வந்திருக்காது, காற்று வந்துவிடும். வாத்தின் மென்பஞ்சு அடைத்த டவுன் ஜாக்கெட்டை இவ்வளவு தூரம் கொண்டுவருவதே அந்த அரை மணி நேரத்துக்காகத்தான். பலருடைய ஜாக்கெட் கைவிடுவதும் அப்போதுதான்.

உத்தரகாண்டில் பத்து வருடத்துக்கு மேலாக ட்ரெக் லீடராக வேலை பார்க்கிறேன். குளிர்காலம் முழுக்க சாங்க்ரி கிராமத்திலிருந்து குழுக்களைக் கூட்டிக்கொண்டு ஏறுவேன். தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டரும் ஜெர்கினும் இங்கே போதாது என்று தெரிந்து, செலவு செய்து நல்ல ஜாக்கெட்டோடுதான் வருகிறார்கள். அதை எப்போது போட வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்புவதில்லை.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் கோவையிலிருந்து ஒரு தம்பி வந்தார். தினமும் ஓடிப் பழகிய உடம்பு. புது ஜாக்கெட் கால் கிலோ கூட இருக்காது. சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவுதான். உச்சிக்குக் கிளம்பும்போது மைனஸ் 10 டிகிரி. “ஏறும்போது இதைப் பைக்குள் வைத்துவிடுங்க தம்பி” என்றேன். “சரிங்ண்ணா” என்றார். ஆனால் குளிர் பொறுக்காமல் மேலே காற்றுப் புகாத விண்ட் ஜாக்கெட்டை மாட்டி மறைத்துக்கொண்டு அதோடேயே ஏறிவிட்டார். இருட்டில் நான் கவனிக்கவில்லை. கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

உச்சியில் அவருக்குப் பேச்சு குழறியது. ஜிப்பைப் பிடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. தோளில் கை வைத்துப் பார்த்தேன். உப்பியிருக்க வேண்டிய ஜாக்கெட் தொளதொளவென்று தொங்கியது. திறந்தால், உள்துணியில் வியர்வை பனிப்பொடியாக உறைந்திருந்தது. கைப்பகுதியில் இறகெல்லாம் சுண்டைக்காய் அளவு உருண்டைகளாகத் திரண்டு கிடந்தது. உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே இரண்டு மெல்லிய துணி, அவ்வளவுதான். ஈரமானதை எல்லாம் கழற்றி, உலர்ந்த ஃப்ளீஸ் ஸ்வெட்டரும் என் பையில் இருந்த செயற்கைப் பஞ்சு ஜாக்கெட்டும் போட்டுவிட்டு, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் கொடுத்து, சூரியோதயத்துக்குக் காத்திராமல் உடனே கீழே இறக்கினோம். காட்டு எல்லையை எட்டும்போது தெளிவாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதுதான் ஹைப்போதெர்மியா. நடுக்கம், தடுமாற்றம், குழறல், காரணமில்லாத எரிச்சல் என்று தொடங்கும். கடுங்குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் சூடேற்றாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால், தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம்.

ஜாக்கெட் ஏன் இப்படி ஆனது என்பது, வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை வைத்திருப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும். வெயிலில் போட்டு எடுத்தால் புஸ்ஸென்று உப்பும். நனைந்தால் கட்டி தட்டிவிடும். டவுன் என்பது வாத்தின் நெஞ்சுப் பக்கம், மேல் இறகுக்கு அடியில் இருக்கும் மென்பஞ்சு. அதற்குத் தண்டு கிடையாது. நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரியும் நூலாம்படை மாதிரி இருக்கும். அந்த இழைகளுக்கு நடுவில் காற்று அசையாமல் அடைபட்டு நிற்கிறது. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காப்பது அந்தக் காற்றுதான். ஜாக்கெட் தானாகச் சூடு உண்டாக்குவதில்லை. உப்பல் போனால் காற்று போயிற்று, காற்று போனால் சூடும் போயிற்று.

இதை மலைக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர். 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு, பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் மென்பஞ்சை அடைத்துத் தைத்த கோட்டோடு வந்தார். கம்பளித் துணியில் ஏறிக்கொண்டிருந்த கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அந்தக் கோட்டோடுதான் அவர் 8,300 மீட்டருக்கு மேலே போனார். அதுவரை யாரும் எட்டாத உயரம் அது. பின்னாளில் 1950களில் புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு இயக்குநராக இருந்தவரும் இவர்தான் என்று சொன்னால் எங்கள் குழுவில் பலர் நம்புவதில்லை.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? கடையில் ‘ஃபில் பவர் 800’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் டவுன், எத்தனை கன அங்குலத்துக்கு உப்பும் என்பதுதான் அந்த எண். 800 என்றால் ஏறக்குறைய 13 லிட்டர் இடம். தரத்தைச் சொல்லும் எண் அது, எவ்வளவு அடைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. 800 தரத்தில் 60 கிராம் அடைத்தால் உப்பல் 28 லிட்டர். 650 தரத்தில் 150 கிராம் அடைத்தால் 56 லிட்டர். இரண்டாவது கொஞ்சம் கனம், விலையும் பெரும்பாலும் குறைவு, குளிருக்கு முதலாவதைவிட எவ்வளவோ மேல். ஆகவே உள்ளே எத்தனை கிராம் டவுன் என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் தயாரித்தவர்களின் விவரத்தைப் பாருங்கள்.

வெறும் எடை குறைவாக இருப்பதைப் பார்த்து மயங்குவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு என்பேன். மிக லேசான ஜாக்கெட்டில் உள்துணியும் வெளித்துணியும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். தையல் ஓடும் கோட்டில் பஞ்சே இருக்காது, காற்று அந்த வழியாக உள்ளே வரும். இலையுதிர் காலத்து மாலைகளுக்கு அது போதும். ஜனவரி மாத உச்சிக்கு, அதன் மேல் காற்றுப் புகாத ஒரு விண்ட் ஜாக்கெட் கட்டாயம் வேண்டும், அதுவும் டவுனை அமுக்காத அளவுக்குத் தளர்வாக.

போடும் முறைக்கு வருகிறேன். ஏறும்போது தெர்மல் உள்ளாடை, மெல்லிய ஃப்ளீஸ், விண்ட் ஜாக்கெட், இது போதும். கிளம்பிய முதல் பத்து நிமிடம் குளிரத்தான் செய்யும், குளிர வேண்டும். வெதுவெதுப்பாகக் கிளம்பினால் அடுத்த மேட்டில் வியர்த்துவிடும். டவுன் ஜாக்கெட்டை ஈரம் புகாத உறையில் சுற்றிப் பையின் மேல்பக்கம் வையுங்கள். நின்ற உடனே, குளிர் தெரிவதற்கு முன்பே, விண்ட் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் அதற்கு மேலேயே போட்டுக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் ஒரு அளவு பெரிதாக வாங்கச் சொல்வேன். முன்பு சொன்ன மிக லேசான ஜாக்கெட் என்றால் மட்டும், உச்சியில் விண்ட் ஜாக்கெட் அதற்கு மேலே வர வேண்டும். திரும்ப நடக்கும்போது கழற்றிவிடுங்கள். சோம்பலாக இருக்கும். குளிர்ந்த விரலால் ஜிப்பை இழுப்பது எனக்கும் கஷ்டம்தான். ஆனாலும் செய்யுங்கள்.

எல்லா இடத்துக்கும் டவுன் ஏற்றதும் அல்ல. லடாக்கின் வறண்ட குளிரில் அதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஜூலை, ஆகஸ்டில் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறீர்களா? மழைக்காலம், நாள் முழுக்க ஈரம். அங்கே செயற்கைப் பஞ்சு ஜாக்கெட்டே நல்லது, நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். ‘ஈரம் தாங்கும் டவுன்’ என்று விற்பதும் நனைவதைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தைக் கையில் அமுக்கி விட்டுப் பாருங்கள். மெதுவாக உப்பி எழ வேண்டும். அமுக்கிய இடம் அப்படியே கிடந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ வேறு கேளுங்கள். தையல் வழியாக ஒரு இறகு எட்டிப் பார்த்தால் பிடுங்காதீர்கள், கூடவே இன்னும் நாலு வரும். துணியின் பின்பக்கமிருந்து பிடித்து உள்ளே இழுத்துவிடுங்கள். அப்புறம், சாங்க்ரியில் நெருப்பு மூட்டி உட்காரும்போது இந்த ஜாக்கெட்டோடு கிட்டே போகவே கூடாது. ஒரு சின்னப் பொறி பட்டாலே அந்த மெல்லிய நைலானில் ஓட்டை விழுந்துவிடும்.

ஊர் திரும்பிய பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில், வியர்வை ஈரத்தோடு சின்ன உறைக்குள் திணித்துப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அடுத்த டிசம்பரில் எடுத்தால் நாற்றம் அடிக்கும், பாதி உப்பல் போயிருக்கும். டவுனுக்கென்று இருக்கும் சோப்பில் துவையுங்கள். துணி மென்மைக்கு ஊற்றும் திரவம் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல், ஈரக் கனத்தில் உள்தையல் கிழிந்துவிடாதபடி இரண்டு கையாலும் தாங்கித் தூக்குங்கள். ட்ரையர் இருந்தால் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்தோடு ஓடவிடலாம். இல்லையென்றால் ஃபேனுக்கு அடியில் விரித்துப் போட்டு, மணிக்கொரு தரம் கட்டிகளை விரலால் உதிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள்கூட ஆகும். நன்றாகக் காய்ந்ததும் பீரோவில் ஹேங்கரில் தளர்வாகத் தொங்க விடுங்கள்.

இந்தக் குளிர்காலத்துக்குப் பதிவு செய்திருப்பவர்கள், இன்றைக்கே அதை உறையிலிருந்து வெளியே எடுத்து உதறிப் போடுங்கள். ஒரு ராத்திரி கழித்தும் உப்பவில்லை என்றால், டேராடூனில் வண்டி ஏறுவதற்கு முன்பே என்னிடம் சொல்லுங்கள். மாற்று ஜாக்கெட்டுக்கு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும்.