இருள்முகில்: 'டார்க் நெபுலா'வுக்கு ஏற்ற தமிழும் அதைப் படமெடுக்கும் முறையும்

விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் குளிர்ந்த வாயுவும் தூசியும் சேர்ந்த அடர்த்தியான திரளுக்கு 'டார்க் நெபுலா' என்று பெயர். அதற்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னால் இருக்கும் விண்மீன்களின் ஒளியை மறைப்பதால்தான் அது இருப்பதே நமக்குத் தெரிகிறது. 'அப்சார்ப்ஷன் நெபுலா' என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு. அதை 'உறிஞ்சுமுகில்' என்று பெயர்த்தால் பாதிதான் சரியாகும். தூசித் துகள்கள் ஒளியை உறிஞ்சுவதோடு சிதறடிக்கவும் செய்கின்றன. நீலம் அதிகமாகச் சிதறிச் சிவப்பு ஓரளவு தப்பி வருவதால், முகிலின் விளிம்பில் தெரியும் விண்மீன்கள் செம்மை கலந்து காணப்படும்.

'நெபுலா' என்ற இலத்தீன் சொல்லுக்கு மூடுபனி, முகில் என்று பொருள். வடமொழியின் 'நபஸ்', ஜெர்மனின் 'நேபல்' ஆகியவையும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. தொலைநோக்கியின் தொடக்கக் காலத்தில் மங்கலாகத் தெரிந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். ஆண்ட்ரோமிடா விண்மீன் மண்டலம்கூட அப்போது நெபுலாதான்.

தமிழில் 'ஒண்முகில்', 'விண்முகில்', 'வான்முகில்' ஆகியவை வழங்குகின்றன. ஓரையன் முகில் போல ஒளிர்பவற்றுக்கு 'ஒண்முகில்' அழகான சொல். ஆனால் 'ஒண்' என்றாலே ஒளி பொருந்திய என்றுதான் பொருள். 'ஒண்ணுதல்' என்றால் ஒளிவீசும் நெற்றி. ஆகவே 'இருண்ட ஒண்முகில்' என்று எழுதினால் பெயரடையும் பெயரும் ஒன்றோடொன்று மோதும். 'கருமுகில்' மழைமேகத்துக்கே உரியதாகிவிட்டது. ஆகவே 'இருள்முகில்' என்பதே நம் பரிந்துரை. ஒளிர்வதை 'உமிழ்வு முகில்' என்றும், அருகிலுள்ள விண்மீனின் ஒளியை வாங்கித் திருப்புவதை 'எதிரொளிப்பு முகில்' என்றும் பிரித்துக்கொண்டால் மூன்றும் குழப்பமில்லாமல் நிற்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இருள்முகில்களை வானத்தில் விழுந்த ஓட்டைகளாகக் கருதினார். அந்தக் கருத்து நெடுங்காலம் நீடித்தது. அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் பால்வழியைப் படம்பிடித்து, 1919-ல் 182 கரும்பகுதிகளின் பட்டியலை வெளியிட்டார். குதிரைத்தலை முகிலின் 'பி 33', பாம்பு முகிலின் 'பி 72' ஆகிய எண்கள் பார்னார்ட் பட்டியல் வழி வந்தவை. 1947-ல் பார்ட் போக், எடித் ரெய்லி இருவரும் சிறிய உருண்டை வடிவ இருள்முகில்களை விண்மீன்கள் பிறக்கும் இடங்களாக முன்வைத்தனர். 1962-ல் பெவர்லி லிண்ட்ஸ் வெளியிட்ட பட்டியலில் 1802 முகில்கள் உள்ளன. வான்வரைபடத்தில் 'எல்டிஎன்' என்று தொடங்கும் எண்கள் அதைச் சேர்ந்தவை.

தனுசு ராசிப் பக்கமுள்ள பால்வழியின் மேல் சிறு மேகங்கள் கருமையாக மிதந்ததைப் பார்த்தது பார்னார்டின் மனத்தில் ஆழப் பதிந்தது. படமெடுப்பவர்கள் அதே காட்சியைச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். கோலாலம்பூரில் இரவு மேகம் நகர வெளிச்சத்தை வாங்கி, வானத்தைவிடப் பளிச்சென்று தெரியும். மேகம் வானத்தைவிடக் கறுப்பாகத் தெரியும் இடத்துக்குப் போனால்தான் இருள்முகில் படத்தில் ஒழுங்காக விழும். முகிலின் மேலும், பக்கத்திலுள்ள விண்மீன் திரளின் மேலும் ஒளிமாசு ஒரே அளவில் படிகிறது. அதனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அமுங்கிப்போகிறது.

இங்கேதான் பலர் வடிகட்டியில் பணத்தைப் போடுகிறார்கள். ஹைட்ரஜன், ஆக்சிஜன் அலைநீளங்களை மட்டும் விடும் இரட்டைப்பட்டை வடிகட்டி, உமிழ்வு முகிலை நகரத்து மாடியிலிருந்தே எடுக்க உதவும். இருள்முகிலுக்குப் பின்புலமாக இருப்பது விண்மீன் ஒளி. அது எல்லா அலைநீளத்திலும் பரவியது. அந்த வடிகட்டி அதையும் சேர்த்தே வெட்டிவிடும். குதிரைத்தலை போல ஒளிரும் ஹைட்ரஜனுக்கு முன்னால் நிற்பவை மட்டுமே விலக்கு. மற்றவற்றுக்கு வடிகட்டி இல்லாத, உள்ளே மாற்றம் செய்யாத சாதாரண டிஎஸ்எல்ஆர் போதும்.

இடம் தேர்வதில் திசை முக்கியம். சிறந்த இருள்முகில்கள் மலேசியாவில் இருக்கும் நமக்குத் தென்வானில் வருகின்றன. கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே செகிஞ்சான் வயல்வெளிக்குப் போனால் தலைக்கு மேல் வானம் நன்றாக இருக்கும். ஆனால் தலைநகரின் ஒளி தென்கிழக்கில் எழுந்து நிற்கும். தென்கிழக்கே ஜெலெபு பக்கம் போனால் அந்த ஒளி முதுகுப்புறம் போய்விடும். பினாங்கில், ஜார்ஜ்டவுனுக்கு மறுபுறமுள்ள பந்தாய் ஆச்சே, பாலிக் புலாவ் பகுதிகளில் குன்றுகள் கிழக்கு ஒளியை ஓரளவு மறைக்கும். புகைமூட்டம் உள்ள நாட்களில் எந்த இடமும் பயன்படாது.

தொடங்குவதற்கு ஏற்றது புகைக்குழல் முகில். கேட்டை விண்மீனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 12 பாகை தள்ளி, தீட்டா ஒபியூக்கை என்ற விண்மீனை அடுத்து இருக்கிறது. ஜூன் நடுவில் பின்னிரவு ஒன்றேகால் மணியளவில், ஜூலை நடுவில் இரவு பதினொன்றேகால் மணியளவில், ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் உச்சிவட்டம் (தலைக்கு மேல் செல்லும் வடக்கு-தெற்குக் கோடு) கடக்கும். லண்டனில் அதே இடம் 13 பாகைக்குச் சற்று மேல்தான் வரும். புகைக்குழல் முழுவதற்கும் 135 மிமீ லென்ஸ். சிறிய சென்சார் கேமராவில் அது ஏறத்தாழ 9.5 × 6.3 பாகையைக் காட்டும். அதன் அருகிலுள்ள பாம்பு முகில் மட்டும் வேண்டுமானால் 360 மிமீ குவியத்தூரமுள்ள சிறு ஒளிவிலகல் தொலைநோக்கி போதும், 3.5 × 2.4 பாகை கிடைக்கும். தென்சிலுவைக்கு அருகிலுள்ள கரிமூட்டை முகில் கோலாலம்பூரில் 24 பாகை உயரமே ஏறும். அதற்கு ஏப்ரல், மே ஏற்ற மாதங்கள்.

விண்மீன்களைப் பின்தொடர்ந்து சுழலும் தாங்கியின் அச்சை வான்துருவத்துக்கு ஒழுங்குபடுத்துவது இங்கே தனிச் சிக்கல். துருவ விண்மீன் கோலாலம்பூரில் 3 பாகை, பினாங்கில் 5 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. மரமும் புகையும் அதை மறைத்துவிடுவதால் துருவ நோக்கிக் குழாயால் பயனில்லை. படத்திலுள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு பிழையைக் கணிக்கும் மென்பொருளையோ, விண்மீன் நகர்வை வைத்துத் திருத்தும் பழைய முறையையோ நாட வேண்டும். அச்சு கிட்டத்தட்டக் கிடையாகப் படுத்திருப்பதால் எதிர் எடைத் தண்டு முக்காலியில் இடிக்கக்கூடும். இருட்டுவதற்கு முன்பே ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து கருவியைத் திடீரென்று வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்த்துவிடும். பையை மூடியபடியே வைத்து வெளிச்சூட்டுக்கு வரவிட்டு, பிறகு திறங்கள். பனிநீர் படியாமல் இருக்க வெப்பப்பட்டையைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

எஃப் 5 துளை, ஐஎஸ்ஓ 800, ஒரு படத்துக்கு 180 விநாடி என்று தொடங்கலாம். ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் ஒளியளவு வரைபடம்) மேடு இடமிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே நிற்கட்டும். பின்னர் ஒன்றாகச் சேர்ப்பதற்கு மொத்தம் நான்கு மணி நேரம், அதாவது 80 படங்கள், குறைந்தபட்ச இலக்கு. நம் ஊர் இரவில் சென்சார் 35 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். ஏறத்தாழ 6 பாகை ஏறினால், ஒளியில்லாமல் வெப்பத்தாலேயே சென்சாரில் சேரும் பொய்க்குறி இரட்டிக்கும். ஆகவே அதைக் கழிக்க உதவும் டார்க் பிரேம்களை வீட்டுக்கு வந்து எடுக்காமல், அதே இடத்தில், அதே சூட்டில் மூடி போட்டு எடுங்கள். சில படங்களுக்கு ஒருமுறை நோக்குத்திசையைப் பத்துப் பதினைந்து பிக்சல் நகர்த்தாவிட்டால், சேர்த்த படத்தில் மழைச்சாரல் போன்ற கோடுகள் விழும்.

மிக அதிகக் கவனம், தூசிக் கறையையும் மூலை மங்கலையும் நீக்க எடுக்கும் ஃபிளாட் பிரேமுக்குத் தேவை. சென்சாரின் மேல் ஒட்டிய ஒரு தூசி, படத்தில் மென்மையான விளிம்புள்ள வட்டக் கறையாக விழும். பார்ப்பதற்குச் சின்ன இருள்முகில் போலவே இருக்கும். மூலைகளின் மங்கலும் அப்படித்தான் ஏமாற்றும். கேமராவைத் திருப்பாமல், குவியத்தைத் தொடாமல், குழாய் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, சீரான ஒளிப்பலகையைக் காட்டி 30 படங்கள் எடுங்கள். ஹிஸ்டோகிராம் மேடு நடுவில் இருக்கட்டும். எல்இடி பலகை மினுங்குவதால் ஷட்டர் மிக வேகமாக இருந்தால் பட்டைகள் விழும். துணியை இரண்டாக மடித்து நேரத்தைக் கூட்டுங்கள்.

கணினியில் பின்னணிச் சாய்வை (ஒளிமாசால் ஒரு பக்கம் கூடித் தெரியும் வெளிச்சத்தை) நீக்கும்போது மென்பொருள் தானாக வைக்கும் மாதிரிப் புள்ளிகளை அப்படியே நம்ப வேண்டாம். இருண்ட இடமெல்லாம் அதற்கு வெறும் வானம்தான். முகிலின் மேல் விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துவிடுங்கள். கருமை எல்லையை (படத்தில் முழுக் கறுப்பாகும் அளவை) முகிலின் ஆழத்துக்கு இழுத்து வைத்தால் உள்ளிருக்கும் தூசியின் அமைப்பு அழிந்து, வெட்டி ஒட்டிய கறுப்புத்தாளாகிவிடும். முகிலின் நடுப்பகுதி மங்கிய பழுப்பாக, சுற்றுவட்டத்தைவிடச் சற்றே இருண்டதாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.