"நடுவுல ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?"

ஆளெடுப்பு வேலையில் இருப்பவள் என்பதால் பலரும் என்னிடம் கேட்பது, இன்டர்வியூவில் எந்தக் கேள்வி கஷ்டமானது என்பதுதான். வேலை சம்பந்தப்பட்ட கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள்கூட "தெரியலை மேடம், கத்துக்கறேன்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ரெஸ்யூமேயில் இருக்கும் இடைவெளியைத் தொட்டதும்தான் முகம் மாறுகிறது.

பெரும்பாலும் வெட்கப்பட அதில் எதுவுமே இருக்காது. குழந்தை பிறந்திருக்கும், வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்திருப்பார், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்திருப்பார்கள், கம்பெனியே ஆட்களைக் குறைத்திருக்கும். ஆனால் இதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, முந்தைய வேலையின் தேதியை முன்னும் பின்னும் இழுத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சிலருக்கு இந்த யோசனையைச் சொல்லிக்கொடுப்பதே வேலை வாங்கித்தரும் ஏஜென்சிகள்தான் என்பது என் கோபம்.

அந்தப் பொய் நிற்காது. 2014 முதல் பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும், கம்பெனி மாறினாலும் மாறாத யு.ஏ.என். எண் உண்டு. எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஆஃபர் கொடுத்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் அதையும் ரிலீவிங் லெட்டரையும் பேஸ்லிப்பையும் வைத்துத்தான் பார்ப்போம். தேதி இடித்தால் ஆஃபர் ரத்தாகும். அதற்குள் பழைய வேலையிலும் ராஜினாமா கொடுத்திருப்பார்கள். இடைவெளியை உள்ளபடி சொல்லியிருந்தால் எடுத்திருக்கக்கூடியவர்களை இப்படி இழந்திருக்கிறோம்.

எதிரே இருப்பவருக்கு உண்மையில் இரண்டு சந்தேகங்கள்தான். அந்தப் பிரச்சினை முடிந்துவிட்டதா? வேலை மறந்துபோயிருக்குமா? இரண்டுக்கும் பதில் சொன்னால் போதும். அக்கவுன்ட்ஸ் வேலைக்கு வந்த ஒருவர் சொன்னது: "அப்பாவுக்கு டயாலிசிஸ் போயிட்டிருந்தது, கூட்டிட்டுப் போக வேற ஆள் இல்லை. இப்போ தம்பி ஊரோட வந்துட்டான். ஜி.எஸ்.டி.யில மாறினதெல்லாம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ரெண்டு மாசம் உட்கார்ந்து பழகிக்கிட்டேன்." அவ்வளவுதான். நாங்கள் அடுத்த கேள்விக்குப் போனோம்.

அவர் அங்கே நிறுத்தியதும் முக்கியம். கேட்டவர் குறிப்பு எழுதுவதற்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிச் செலவு, அண்ணனோடு வந்த சண்டை, பழைய மேனேஜரின் குணம் என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். பாதி நேரம் வேலை கைநழுவுவது அந்த உபரிப் பேச்சில்தான்.

அரசுத் தேர்வுக்குப் படித்தவர்களிடம் சந்தேகம் வேறு: அடுத்த அறிவிப்பு வந்தால் கிளம்பிவிடுவீர்களா? "இனி எழுத மாட்டேன்" என்பது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இன்னும் எழுதுகிற எண்ணம் இருந்தால், பரீட்சை நாளுக்கு உரிய விடுப்பு எடுப்பேன், கிளம்ப வேண்டி வந்தால் நோட்டீஸ் பீரியட் முழுக்க இருப்பேன் என்று சொல்வது நேர்மை. இதைக் கேட்டு வேண்டாம் என்கிற இடமும் இருக்கும்தான்.

பெண்களிடம் மட்டும் கேட்கப்படும் கேள்விகளைத் தனியாகப் பேச வேண்டும். "கல்யாணம் எப்போ?", "குழந்தை உடனே பெத்துக்கற ஐடியாவா?" என்பவை வேலைக்குச் சம்பந்தமில்லாதவை. நீரா மாத்தூர் என்பவர் எல்.ஐ.சி.யில் சேரும்போது நிரப்பிய படிவத்தில் மாதவிடாய் தேதி, கர்ப்பம், கருக்கலைப்பு பற்றியெல்லாம் கேட்டிருந்தார்கள். பயிற்சிக் காலத்திலேயே அவர் பிரசவ விடுப்பு எடுத்தார். படிவத்தில் பொய்த் தகவல் கொடுத்தார் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. இப்படிப்பட்ட கேள்விகள் ஒரு பெண்ணைச் சங்கடப்படுத்துபவை, அவமானப்படுத்துபவை என்று சொல்லி, அவற்றைப் படிவத்திலிருந்தே எடுக்கச் சொன்னது.

தேதியை மாற்றாதீர்கள் என்று மேலே சொன்னதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. எங்கே, எவ்வளவு காலம் வேலை பார்த்தீர்கள் என்பதை அறிய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. உங்கள் கருப்பையைப் பற்றி அறிய உரிமை இல்லை. அதற்காக அங்கே சண்டை போட வேண்டும் என்பதில்லை. "டைமிங், டிராவல் எப்படி இருக்கும்னு சொல்லுங்க சார், என்னால முடியுமான்னு நேராவே சொல்லிடறேன்" என்றால் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும்.

அப்படியும் விடாமல் கேட்டால், அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. மகப்பேறு நல விதிகளின்படி, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தாலே ஊதியத்தோடு விடுப்பு உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரம். இந்த விடுப்பைத் தர மனமில்லாத இடங்கள்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்கின்றன. பணத்தேவை இருந்தால் சேருங்கள், தவறில்லை. ஆனால் ஆஃபர் லெட்டர் வந்ததும் விடுப்பு விதிகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தயாராவது எப்படி என்றால், பதிலை இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். முதலில் வீட்டில் ஒருவரை எதிரே உட்காரவைத்துத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். தொண்டை அடைக்காமல் சொல்ல வந்த பிறகு இங்கிலீஷுக்கு மாற்றுங்கள். இலக்கணம் கொஞ்சம் இடறினாலும் நாங்கள் அதற்கு மார்க் குறைப்பதில்லை.