எக்ஸ்போஷர்: நச்சுக்கு ஆட்படுதல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தண்ணீரைப் பற்றித் தமிழில் எழுதும்போது, ஆங்கிலத்தின் ‘புளோரைடு எக்ஸ்போஷர்’ என்பதைப் ‘புளோரைடு வெளிப்பாடு’ என்று போட்டுவிடுகிறார்கள். படிப்பவர், பாறையிலிருந்து புளோரைடு வெளியே வருவதைச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதுவும் நடக்கிறது. ஆனால் எக்ஸ்போஷர் என்பது அதற்கு அடுத்த கட்டம்: அந்தத் தண்ணீர் ஆளின் உடம்புக்குள் போவது.

எக்ஸ்போனேரே என்ற லத்தீன் வினைதான் மூலம். வெளியே எடுத்து வைத்தல் என்று பொருள். வெயிலிலும் குளிரிலும் காப்பில்லாமல் கிடப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கி, அப்புறம் நச்சுப்பொருள்களை ஆராயும் நச்சியலுக்கு வந்தது. ‘வெளி’ தமிழில் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

நச்சியலில் இதன் பொருள் திட்டமானது. ஒரு நச்சுப்பொருள் மூச்சு, வாய், தோல் ஆகியவற்றில் எந்த வழியாக, எவ்வளவு, எத்தனை காலம் ஒருவரை வந்து சேர்கிறது என்பதே எக்ஸ்போஷர். இடர் மதிப்பீட்டில் இது இல்லாமல் கணக்கே நகராது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் புளோரைடு உள்ள போர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயத்தில் உச்ச வரம்பு 1.5. அறுபது கிலோ எடையுள்ளவர் 3 லிட்டர் குடித்தால் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் சேர்கிறது. பதினைந்து கிலோ குழந்தை ஒரே லிட்டர் குடித்தாலும் 0.13 ஆகிவிடுகிறது. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது அது. அப்போது புளோரைடு மிகுந்தால் அந்தப் பற்களில் காவி ஏறும், பிறகு தேய்த்தாலும் போகாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஆட்படுதல்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வெயில் படுவதும் தூசி படுவதும் நாம் அன்றாடம் சொல்வதுதான். வெளியிலிருந்து வந்து நம்மைத் தாக்குவதை அந்தப் ‘படு’ காட்டிவிடுகிறது. பெயர்ச்சொல் வேண்டுமென்றால், உடன்படு உடன்பாடு ஆவதுபோல, ‘ஆட்பாடு’. கதிர்வீச்சு, ஈயம், பூச்சிமருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இந்த இரு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் காவிரித் தண்ணீரைக் குடித்துவிட்டு, சமையலுக்கு மட்டும் புளோரைடு மிகுந்த போர் தண்ணீரை எடுத்தாலும் ஆட்பாடு நிற்பதில்லை. கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். அதனால் கணக்கெடுக்க வருகிறவர் குடிக்கிற தண்ணீரோடு நிறுத்தாமல், களி கிண்ட எந்தத் தண்ணி, டீ போட எந்தத் தண்ணி, பிள்ளைகள் பள்ளியில் எதைக் குடிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.