'ரீடைரக்ட்' என்பது திசைதிருப்பல் அன்று

ஹட்டனில் கணினி வகுப்புக்குச் செல்லும் பிள்ளையொருவரின் குறிப்பேட்டில், "இவ்விதி பார்வையாளரைத் திசைதிருப்பும்" என்ற வரியைக் கடந்த வாரம் மறுபடியும் கண்டேன். இணையத்தளத்தின் ஒரு முகவரிக்கு வந்தவரை வேறொரு முகவரிக்கு அனுப்பும் விதியைப் பற்றியது அது. பகிர்வு ஹோஸ்டிங்கில் இணையத்தளங்களை வழங்கும் ஒரே சேவையகத்தை (சர்வரை) பலர் பயன்படுத்துவதால், அதை இயக்கும் அப்பாச்சி மென்பொருளின் முதன்மை அமைவுக் கோப்பில் வாடிக்கையாளர் கைவைக்க முடியாது. ஆகவே தத்தம் கோப்புறையில் எச்டி-அக்செஸ் (.htaccess) என்னும் சிறிய அமைவுக் கோப்பை வைத்து, யார் உள்ளே வரலாம், எந்த முகவரிக்கு வந்தவர் எங்கே போகவேண்டும் என்று எழுதிக்கொள்கிறார்கள். அங்கே வரும் சொல்லே 'ரீடைரக்ட்'.

நேராகச் செலுத்துதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையோடு, 'மறுபடியும்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தது அது. 'டைரக்‌ஷன்' என்றால் திசைதானே என்று எண்ணியவர்கள் திசைதிருப்பல் என்றார்கள். தமிழிலோ அச்சொல்லில் வஞ்சகம் ஒட்டியிருக்கிறது. "சம்பளப் போராட்டத்தைத் திசைதிருப்பப் பார்க்கிறார்கள்" என்று தோட்டத்தில் ஒருவர் சொன்னால், ஏமாற்றுகிறார்கள் என்றே எல்லோரும் விளங்கிக்கொள்வர். கோப்புக்குள் களவாக வரிகளைச் செருகி, வருவோரைச் சூதாட்டத் தளங்களுக்கு அனுப்புகிறவர்களின் செயலுக்கு அச்சொல் மிகப் பொருந்தும். நேர்மையாகப் புதிய முகவரியைக் காட்டுவதற்கும் அதையே சொன்னால், இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

'மீள்திசைப்படுத்தல்' என்பாரும் உளர். எதற்கெடுத்தாலும் 'மீள்' ஒட்டுவது நம் மொழிபெயர்ப்பாளரின் பழக்கமாகிவிட்டது. மீள்குடியேற்றம் என்றால் விட்டுவந்த இடத்துக்கே திரும்புதல்; இங்கோ பார்வையாளர் புதிய இடத்துக்கல்லவா போகிறார்?

தமிழ் விக்கிப்பீடியா ஆளும் 'வழிமாற்று' என்பதே சரி. மண்சரிவால் நுவரெலியா வீதி அடைபட்டால் மாற்று வழியில் போகச் சொல்கிறார்கள்; சரிவை அகற்றியதும் பழைய வழியே வழி. சேவையகம் உலாவிக்கு (பிரவுசருக்கு) அனுப்பும் குறியெண்களில் அது 302, தற்காலிக வழிமாற்று. பழைய மஸ்கெலியா நகரம் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கியபின் நகரமே இடம்மாறியது. பழைய கடைவீதிக்கு வழி சொல்ல இனிக் காரணமில்லை. அது 301, நிரந்தர வழிமாற்று; உலாவி அதை நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

அதே கோப்பில் எழுதப்படும் 'ரீரைட்' விதி வேறு. அதை 'முகவரி மாற்றியெழுதல்' எனலாம். வழிமாற்றில் சேவையகம் புதிய முகவரியைச் சொல்ல, உலாவியே அங்கு போய் மறுபடி கேட்கிறது. மாற்றியெழுதலில் வேலை முழுவதும் சேவையகத்துக்குள்ளேயே முடிவதால், உலாவியில் தெரியும் முகவரி மாறாது. அக்குறிப்பேட்டில் இரண்டுக்கும் திசைதிருப்பல் என்றே இருந்தது. முகவரி மாறவில்லையே, விதி வேலை செய்யவில்லையா என்று அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டதும் அதனால்தான்.