பி.காம்., பி.பி.ஏ. முடிப்பவர்களுக்கு: அப்ரண்டிஸ் ஒப்பந்தம் முதல் 8-ஆம் பிரிவு கம்பெனி வரை

வணிகவியல், மேலாண்மை படிப்பில் கடைசி ஆண்டில் இருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்வி. கையில் ஏதாவது பணம் வந்தபடி வேலை பழக அரசு வழி உண்டா? ஊருக்குப் பயன்படுகிற ஒரு தொழிலை நாமே தொடங்கினால் அதற்கு எங்கிருந்து பணம் வரும்? இரண்டுக்கும் வழி இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரு திட்டத்தில் பெயர் ஏறிவிட்டால் இன்னொன்றின் கதவு சாத்திக்கொள்ளும். எதில் முதலில் பதிவது என்பதைக் கல்லூரியை விட்டு வெளியே வரும் முன்பே யோசித்துவிடுவது நல்லது.

அப்ரண்டிஸ் பயிற்சி

அப்ரண்டிஸ் என்றாலே ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் பொறியியல் படித்தவர்களுக்கும்தான் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 2014-இல் செய்த திருத்தம் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.பி.ஏ. போன்ற பட்டதாரிகளுக்கும் அதைத் திறந்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், அந்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். கணக்குப் பிரிவு, மனிதவளம், கொள்முதல், விற்பனை எல்லாம் இதில் அடங்கும். “எங்கள் கம்பெனியில் அதெல்லாம் இல்லை” என்று சொல்லும் மனிதவள அதிகாரியிடம் இந்த விதியைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். பல இடங்களில் அவர்களுக்கே இது தெரியாது.

பட்டதாரிகளுக்கான திட்டத்தின் பெயர் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம், சுருக்கமாக நாட்ஸ். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவது. இதை நடத்தும் பயிற்சி வாரியத்தில் தென் மாநிலங்களுக்கானது சென்னை தரமணியில் இருக்கிறது. நாப்ஸ் என்ற பெயரில் திறன் மேம்பாட்டு அமைச்சகம் நடத்துவது வேறு திட்டம். இரண்டுக்கும் இணையதளம் வேறு, அரசு தரும் பங்கும் வேறு. விண்ணப்பிக்கும் முன் எந்தத் தளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். 2019 செப்டம்பரில் திருத்திய விதிகள் பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாத உதவித்தொகை குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தன. நிறுவனம் கூடத் தரலாம், குறைக்கக் கூடாது. நாட்ஸில் அந்த 9,000 ரூபாயில் பாதியை, அதாவது 4,500 ரூபாயை, அரசு ஏற்றது. முன்பு நிறுவனம் முழுத்தொகையையும் கொடுத்துவிட்டு அரசின் பங்கைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளும். 2024 ஜூலையில் புதிய நாட்ஸ் தளம் வந்தபோது, அரசின் பங்கை அப்ரண்டிஸின் கணக்குக்கே நேராக அனுப்பும் முறையும் வந்தது. ஆகவே பணம் இரண்டு இடத்திலிருந்து, இரண்டு தேதியில் வரும். அரசின் பங்கு வர, நிறுவனம் மாதாமாதம் உங்கள் பயிற்சி விவரத்தைத் தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும். இரண்டாம் மாதமும் அந்தப் பங்கு வராவிட்டால் முதலில் கேட்க வேண்டியது வங்கியிடம் அல்ல, நிறுவனத்தில் தளத்தைக் கையாள்பவரிடம்.

நிறுவனம் ஏற்றியும் பணம் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஆதாரில் இருக்கும். வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது வேறு; அரசுப் பணம் வருவதற்கான கணக்காக அதை, வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ.யின் பட்டியலில் ஏற்றுவது வேறு. கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்ததால் இரண்டாவதும் நடந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கிளைக்குப் போய் “நேரடி மானியம் வருவதற்கு ஆதார் சீடிங் செய்ய வேண்டும்” என்று சொல்லித் தனிப் படிவம் கொடுங்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக எதில் சீடிங் செய்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். பள்ளிக்காலத்தில் கல்வி உதவித்தொகைக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கில் பல மாதத் தொகை தூங்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

பணத்தைவிட முக்கியம் ஒப்பந்தம். நீங்களும் நிறுவனமும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் தளத்தில் பதிவாகி, அதற்கு ஓர் எண் வந்தால்தான் சட்டப்படி நீங்கள் அப்ரண்டிஸ். பதிவே செய்யாமல் “டிரெய்னி” என்று ஒரு கடிதத்தைக் கொடுத்து ஆறு மாதம் வேலை வாங்கும் இடங்கள் உண்டு. அங்கே பயிற்சி முடிந்தாலும் வாரியத்தின் சான்றிதழ் வராது, அரசின் பங்கும் வராது. பதிவான ஒப்பந்தத்தை நிறுவனம் தன் தவறால் பாதியில் முறித்தால், கடைசியாகப் பெற்ற உதவித்தொகையின் மூன்று மாத அளவை இழப்பீடாகத் தர வேண்டும் என்பது விதி. நீங்கள் காரணமில்லாமல் பாதியில் விட்டாலும் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கு இடமுண்டு. அதனால் எம்.பி.ஏ. சேர்க்கை வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் பயிற்சிக் காலத்தையும் சேர்க்கைத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

அப்ரண்டிஸ் தொழிலாளர் அல்ல, பயிற்சி பெறுபவர். பி.எப். பிடித்தம் இருக்காது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் பயிற்சியின்போது விபத்தில் காயம்பட்டால் தொழிலாளர்களுக்கான இழப்பீட்டு விதிகள் உங்களுக்கும் பொருந்தும்.

பிரதமர் இன்டர்ன்ஷிப்

2024 அக்டோபரில் வெள்ளோட்டமாகத் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பெரிய 500 நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி. அப்போது அறிவித்த நிபந்தனைகள்: வயது 21 முதல் 24, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், குடும்பத்தில் யாருக்கும் நிரந்தர அரசு வேலை இருக்கக் கூடாது, முழுநேரப் படிப்பிலோ வேலையிலோ இருக்கக் கூடாது. மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய். பி.காம்., பி.பி.ஏ.வுக்கு இடமுண்டு, எம்.பி.ஏ., சி.ஏ. முடித்தவர்களுக்கு இல்லை.

கதவு சாத்திக்கொள்ளும் இடம் இதுதான். நாட்ஸ் அல்லது நாப்ஸில் எப்போதாவது பயிற்சி முடித்தவர் இந்த இன்டர்ன்ஷிப்புக்குத் தகுதி இழக்கிறார். இரண்டும் கையில் இருக்கும்போது எதை எடுப்பது? கணக்கு, வரி, தணிக்கை போன்ற குறிப்பிட்ட வேலையில் சான்றிதழ் வேண்டுமென்றால் நாட்ஸ் மேல். மாதத் தொகையும் அதில்தான் அதிகம். வெளியிலிருந்து எளிதில் நுழைய முடியாத ஒரு பெரிய நிறுவனம், நீங்கள் விரும்பும் துறையிலேயே கிடைத்தால் மட்டும் இன்டர்ன்ஷிப்பை யோசியுங்கள்.

இனிஷியல் படுத்தும் பாடு

நம் மாணவர்கள் விண்ணப்பம் அதிகம் தடுக்கிக்கொள்ளும் இடம் பெயர். மதிப்பெண் சான்றிதழில் “எஸ். கார்த்திக்” என்றும், ஆதாரில் “கார்த்திக் எஸ்” என்றும் இருக்கும். பான் அட்டையில் முதற்பெயரிலும் குடும்பப்பெயரிலும் இனிஷியலை மட்டும் போட முடியாது. விரித்து எழுத வேண்டும். அதனால் அங்கே “கார்த்திக் செல்வம்” என்று அப்பாவின் பெயர் குடும்பப்பெயராக உட்கார்ந்திருக்கும். மனிதர் பார்த்தால் மூவரும் ஒருவரே. தளம் எழுத்துக்கு எழுத்துதான் ஒப்பிடும்.

கடைசி ஆண்டின் முதல் பருவத்திலேயே பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். பிறந்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை. ஆகவே அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். பின்னால் கம்பெனி பதிவு செய்யும்போது இயக்குநர் எண்ணும் டிஜிட்டல் கையொப்பமும் பானில் உள்ள பெயரில்தான் வரும். இந்த ஒரு வேலை அங்கேயும் கைகொடுக்கும்.

சமூகத் தொழில்: முதலில் பணம் வரும் வழி, பிறகு பதிவு

சமூகத் தொழில் என்று ஒரு தனிச் சட்ட வடிவம் இந்தியாவில் இல்லை. அறக்கட்டளை, சங்கம் (தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர்), 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் வரும் லாபநோக்கமற்ற கம்பெனி, சாதாரணப் பிரைவேட் லிமிடெட் என எதிலும் நடத்தலாம். மாணவர்கள் பெரும்பாலும் 8-ஆம் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதி கிடைக்கும் என்பதே காரணம். அவசரப்பட வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இது.

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை வெளி அமைப்பு வழியாகச் செலவிடுவதென்றால், அந்த அமைப்புக்கு வருமான வரி விலக்குப் பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு (1961 வருமான வரிச் சட்டத்தில் 80ஜி), சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் கிடைக்கும் எண் மூன்றும் வேண்டும். இவற்றோடு, அதேபோன்ற பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் இருக்க வேண்டும். நேற்றுப் பதிவான உங்கள் கம்பெனியிடம் அது இருக்காது. முதல் மூன்று ஆண்டுச் செலவுக்கு வேறு வழி வைத்திருக்கிறீர்களா என்பதுதான் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சமூக அமைப்புகள் நிதி திரட்டுவதற்கான பங்குச்சந்தைகளின் சமூகப் பிரிவும் இப்படித்தான். லாபநோக்கமற்ற அமைப்பு அங்கே பதிய மூன்று ஆண்டு வயதும், ஆண்டுச் செலவு 50 லட்சமும் கேட்கிறார்கள். 2023-இல் அங்கே முதலில் பட்டியலான பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை, கடைசி ஆண்டு மாணவர்களுக்கு வேலைத்திறன் பயிற்சி தரும் அமைப்பு என்பது உங்களுக்கு ஓர் ஊக்கம். ஆனால் பல ஆண்டு வேலை செய்த பிறகே அங்கே வந்தார்கள்.

இன்னொரு கணக்கு. “பொதுமக்கள் பயன்பாடு” என்ற பொது நோக்கத்தில் வரிவிலக்கு வாங்கியிருந்தால், விற்பனை, சேவைக் கட்டணம் வழியாக வரும் தொகை மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டு வரவு 10 லட்சம், அதில் நன்கொடை 7 லட்சம், கைவினைப் பொருள் விற்றது 3 லட்சம் என்றால் வரம்பான 2 லட்சத்தைத் தாண்டிவிட்டீர்கள். அந்த ஆண்டு விலக்கு போய்விடும். கல்வி, மருத்துவ உதவி, ஏழைகளுக்கு உதவி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகிய நோக்கங்களுக்கு இந்த 20 சதவீத வரம்பு இல்லை. அங்கேயும் வியாபாரம் அந்த நோக்கத்துக்குத் துணையாக மட்டுமே இருந்து, தனிக் கணக்கோடு நடக்க வேண்டும்.

ஆகவே பொருளோ சேவையோ விற்று ஓடப்போகிற தொழில் என்றால் பிரைவேட் லிமிடெட் அல்லது சொந்தப் பெயரில் தொழில் என்பதே பொருத்தம். புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழ்நாடு அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் ஆதார நிதி பொதுவாக 10 லட்சம் ரூபாய். அதற்கு 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். லாபம் பிரிக்காத கம்பெனியில் அந்தப் பங்குக்குப் பொருள் இல்லை. மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும் நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 10 லட்சம் முதல் 5 கோடி வரையான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். வட்டியில் 3 சதவீதம் தள்ளுபடி. சொந்த முதலீடு பொதுப் பிரிவினருக்கு 10 சதவீதம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 5 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் இதற்கு முன் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பாருங்கள்: 35 சதவீத மானியம், 1.5 கோடி வரை, 6 சதவீத வட்டித் தள்ளுபடி.

8-ஆம் பிரிவில் பதிவதென்றால்

நன்கொடையில்தான் ஓடும், யோசித்துத்தான் வருகிறோம் என்பவர்களுக்கு நடைமுறை இது. இரண்டு பேர் போதும்; குறைந்தபட்ச மூலதனம் இல்லை. பெயரில் பவுண்டேஷன், அசோசியேஷன், கவுன்சில், ஃபோரம் போன்ற ஒரு சொல் வேண்டும். கம்பெனி பதிவுக்கான ஸ்பைஸ் பிளஸ் என்ற இணையப் படிவத்திலேயே 8-ஆம் பிரிவு உரிமமும் சேர்த்துக் கேட்கலாம். அதோடு அடுத்த மூன்று ஆண்டின் வரவு செலவு மதிப்பீடு வைக்க வேண்டும். வணிகவியல் மாணவர் இதை ஆடிட்டரிடம் விட்டுவிடாமல் தானே தயாரிக்க வேண்டும். அலுவலகமாக வீட்டு முகவரி தரலாம். இரண்டு மாதத்துக்குள் வந்த மின் ரசீதும், வீட்டு உரிமையாளரின் தடையில்லாக் கடிதமும் தேவை. நோக்கப் பிரிவில் கல்வி, சுகாதாரம், விளையாட்டு, விவசாயம் என்று எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். வரிவிலக்கு விண்ணப்பத்தின்போது அத்தனைக்கும் செய்த வேலை என்ன என்று கேட்பார்கள்.

லாபம் பிரிக்கக் கூடாது என்பதால் சம்பளமே எடுக்கக் கூடாது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். செய்த வேலைக்கு நியாயமான ஊதியம் எடுக்கலாம். இயக்குநர் கூட்டத் தீர்மானத்தோடு, வேலை என்ன என்று எழுதிவைத்து எடுங்கள்.

பதிந்த 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். வரவு ஒரு ரூபாய்கூட இல்லாத ஆண்டிலும் தணிக்கை உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் நிதிநிலை அறிக்கைக்கான ஏ.ஓ.சி.-4, 60 நாளுக்குள் ஆண்டறிக்கைக்கான எம்.ஜி.டி.-7. தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவத்தையும் ஓராண்டு மறந்தால் 73,000 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக இயக்குநராக முடியாது. நண்பனுக்காக இரண்டாவது இயக்குநராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனவருக்கும் இது பொருந்தும். கையெழுத்துப் போடும் முன் அவர் வீட்டிலும் இதைச் சொல்லிவிடுங்கள். கம்பெனியை மூட நேர்ந்தால், கடன் போக மிஞ்சிய சொத்து உறுப்பினர்களுக்கு வராது. அதேபோன்ற நோக்கமுள்ள இன்னொரு 8-ஆம் பிரிவு கம்பெனிக்குப் போகும்; இல்லையென்றால் அதை விற்ற பணம் சட்டம் சொல்லும் திவால் நிதிக்குப் போகும்.