ஊட்டியில் 11.6 என்றால் கோயம்புத்தூரில் எவ்வளவு?

ஊட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எனக்கு ஏழாவது மாதம். ஹீமோகுளோபின் 11.6. பதினொன்றுக்கு மேல் இருந்தால் நார்மல்தானே? அப்புறம் ஏன் நர்ஸ் அக்கா இரும்புச்சத்து மாத்திரையை விடாதே என்கிறார்?”

மாத்திரையை நீங்கள் விடக்கூடாதுதான். அந்த 11 என்பது சமவெளிக்கான கோடு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் அங்கே குறைவு. உடம்பு ஹீமோகுளோபினைச் சுமக்கும் சிவப்பணுக்களைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்கிறது.

சரி, ஆக்சிஜன் குறைந்தது உடம்புக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. சிறுநீரகச் செல்கள் ‘ஹிஃப்’ என்ற புரதத்தை ஓயாமல் தயாரிக்கின்றன. தயாரித்த கையோடு அழித்தும் விடுகின்றன. அழிப்பதற்கு முன் ஒரு நொதி அதன்மேல் ஆக்சிஜனை ஒட்டியாக வேண்டும். ஒட்டுவதற்கு ஆக்சிஜன் போதவில்லையா, புரதம் தப்பித்தது! நேரே உட்கருவுக்குள் போய் எரித்ரோபாய்ட்டின் மரபணுவை முடுக்கிவிடும். அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர, சிவப்பணு உற்பத்தி சூடுபிடிக்கும். 2019 மருத்துவ நோபல் இதைக் கண்டறிந்த மூவருக்குத்தான். ஆக்சிஜனை ஒட்டும் அந்த நொதிக்குள்ளும் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது என்பது கூடுதல் வேடிக்கை.

ஆக, மலையில் எண் கூடித்தான் காட்டும். 2,000 மீட்டர் தாண்டிய ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களுக்கு 1.4 கழிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். குன்னூர், கோத்தகிரிக்கு 1.1. உங்கள் 11.6இல் மிஞ்சுவது, அதாவது கோயம்புத்தூர் கணக்கில், 10.2. லேசான ரத்தசோகை. (மேட்டுப்பாளையத்திலிருந்து போன வாரம்தான் மேலே வந்த பெண்ணுக்கு இதை அப்படியே கழிக்க முடியாது, ரத்தம் மலைக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும்.) ஒரு கழித்தல் கணக்குக்குப் பெரிய ஆராய்ச்சி நிதியெல்லாம் வேண்டாம். கர்ப்பகால அட்டையில் ஊரின் உயரத்துக்கு ஒரு கட்டம் போட்டால் போதும் என்பது என் கட்சி.

கர்ப்பம் முழுமைக்கும் தேவைப்படும் இரும்பு சுமார் 1,000 மில்லிகிராம். அரசு தரும் மாத்திரையில் 60 இருக்கிறது என்றாலும் குடல் உறிஞ்சுவது அதில் சிறு பங்குதான். அதையும் டீயோடு விழுங்கினால் தேயிலையின் பாலிஃபீனால்கள் பிடித்துவைத்துக்கொள்ளும். நீலகிரியில் போய் டீயே குடிக்காதே என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறு நல்ல ஜோடி. கால்சியம் மாத்திரை வேறு வேளைக்கு.

“இரும்பு மாத்திரை போட்டால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும்” என்று யாராவது சொல்வார்கள். கருப்பாவது மலம் மட்டும்தான். தோலின் நிறம் மெலனின் சமாச்சாரம், அது பெற்றோரின் மரபணுவிலிருந்து வருவது. இந்தப் பேச்சை நம்பி மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்களைவிட, சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.